முதலில் காற்று, பிறகு எண்ணெய்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நான் நலம், அப்பா நலம், நீ நலமா என்ற மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். ஏனென்றால் முதல் இரண்டும் பொய், மூன்றாவதற்கு நீ எழுதப்போகிற பதிலும் பொய்யாகத்தான் இருக்கும்.

அப்பாவின் வண்டி உடைந்ததைப் போன கடிதத்தில் எழுதினேன். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி நாற்சந்தி நடுவில் கைப்பிடி கழன்று சாய்ந்தது, அப்பா விழுந்தார், பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது, லாரிக்காரரே தூக்கிவந்து வீட்டில் விட்டார், 'பழைய வண்டி, அதான் உடைந்தது' என்றெல்லாம். அதில் லாரி வரைக்கும் நிஜம். 'அதான்' மட்டும் நான் சேர்த்தது.

உடைத்தது நான்தான், அக்கா. முந்தின நாள் சாயங்காலம் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் வண்டியை வெளியே தள்ளினேன். ஒட்டடையையும் அவள் தங்கையையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். (ஒட்டடை என் வகுப்புக்காரி. உயரத்தையும் ஒல்லியையும் பார்த்து நான் வைத்த பெயர்.) மூன்று பேரோடு சாக்கடைப் பலகையைத் தாண்ட முடியுமா என்று பந்தயம். தாண்டினோம். 'டக்' என்றது. கைப்பிடி இரண்டும் மாட்டியிருக்கும் நடு உருளை இருக்கிறதே, சைக்கிள் கடை பாஷையில் அதற்குக் குடம் என்று பெயர், அதில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். உன் தங்கை என்ன செய்தாள்? பள்ளிக்கூட ஷூவுக்குப் போடும் கறுப்புப் பாலிஷை விரிசலில் தேய்த்து, துணியால் பளபளப்பாக்கி, வண்டியை இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் நான் எழுந்திருப்பதற்குள் அப்பா கிளம்பிவிட்டார்.

ஒரு முழம். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அடிக்கடி அளந்து பார்க்கிறேன்.

அப்பா இப்போது சக்கரம் வைத்த பலகையில் வீட்டுக்குள் மட்டும் நகர்கிறார். பூட்டு ரிப்பேர்க் கடைக்கே பூட்டு தொங்குகிறது. அந்த இடத்தைக் குடை ரிப்பேர்க்காரர் கேட்டிருக்கிறார். "செப்டம்பர் கடைசிக்குள்ள சொல்றேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். 'முடியாது' என்று சொல்லவில்லை, கவனித்தாயா? நான் ஜோக் அடித்தால் உடனே சிரிக்கிறார். முன்பெல்லாம் திட்டுவார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உடைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வெல்டிங் கடையில், "இது வார்ப்பு பாப்பா, ஒட்ட வச்சா பக்கத்துல விரியும்." சைக்கிள் கடையில், "இந்த மாடலா? இன்னுமா ஓடுது?" கடைசியில் லேத் கடைக்காரர்தான், "அலுமினியத்துல இதே மாதிரி வார்த்து எடுத்துட்டு வா, நான் துளை போட்டுக் கடைஞ்சு தர்றேன்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

வார்க்க உலை வேண்டும், உலைக்கு பர்னர் வேண்டும். நூலகத்தில் ஒரு தொழிற்பள்ளிப் புத்தகம் கிடைத்தது. பழைய என்ஜின் ஆயிலைக் கராஜில் கேட்டால் 'எடுத்துட்டுப் போ, புண்ணியமாப் போகும்' என்கிறார்கள். நீ வேலை பார்ப்பது பர்ன் வார்டு, நான் செய்யப்போவது பர்னர். குடும்பத் தொழில் என்று போர்டு மாட்டிவிடலாம்.

அப்பாவிடம், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு அடுப்பு என்று சொல்லியிருக்கிறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது. குடம் வண்டியில் ஏறியதும் நானே சொல்வேன். சத்தியம் செய்து எழுது.

வாலைச் சுருட்டி வைத்திருக்கும்,
உன் வாலு


ஜூன் 11

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை. அதைப் படித்துவிட்டு ஊசி போடப் போனேன். என் கையைப் பார்த்த நோயாளி, "நீங்க முதல்ல உட்காருங்க சிஸ்டர்" என்றார்.

பாலிஷுக்கு நேரில் வந்து உன் காதைத் திருகுகிறேன். அது இருக்கட்டும். எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். கட்டு மாற்றும்போது எல்லோரும் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: "ஒரு நிமிஷம்தான் சிஸ்டர், திரும்பிப் பார்த்தேன்." உன் வயதில் ஒரு பெண் இருக்கிறாள். முகத்தை வலது பக்கம் மட்டும் திருப்பிக்கொண்டு என்னோடு பேசுகிறாள்.

வேண்டாம் என்று சொன்னால் எனக்குத் தெரியாமல் செய்வாய். அதனால் சொல்லவில்லை. நைலான் துணி போடாதே, பருத்தி போடு. செருப்போடு நிற்காதே. பக்கத்தில் மணல் இரண்டு வாளி வை. எதை முதலில் திறப்பாய், எதை முதலில் மூடுவாய் என்று ஒரு வரி விடாமல் எழுது. உன் ஜோக்குகளை விட்டுவிடலாம், பரவாயில்லை.

தலைவலி வந்தால் மாத்திரை எடுக்காதே, புகையிலிருந்து வெளியே வா.

கவலையோடு,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? விழுந்த இடத்தில் வீக்கம் வடிந்ததா? இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சின்னவள் கட்டுவது கண்காட்சி அடுப்பு இல்லை. பழைய என்ஜின் ஆயிலில் எரியும் உலை. அலுமினியத்தை உருக்கி உங்கள் வண்டிக்குக் குடம் வார்க்கப் போகிறாள். ஏன் என்று அவளே ஒரு நாள் சொல்வாள். நான் எழுதினேன் என்று தெரிந்தால் இனி எனக்கு எதையும் எழுத மாட்டாள். அப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

நேரடியாகத் தடுக்காதீர்கள். எப்படியாவது அது எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுத்துப்போய் அவளே விட்டுவிடுவாள்.

உங்கள்
பெரியவள்


ஜூன் 18

அன்புள்ள பெரியவளுக்கு,

தோள் தேவலை. வீக்கம் இல்லை.

குடத்தை உடைத்தது யார் என்று நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அன்றைக்கே உடைந்த இடத்தை மோந்து பார்த்தேன், பாலிஷ் வாசனை. இந்த வீட்டில் ஷூ போடுகிறவள் ஒருத்திதான். கேட்டால் ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்ட பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அதனால் கேட்கவில்லை.

நீ நிம்மதியாக வேலையைப் பார். அந்த எண்ணெய் எரியாது.

அப்பா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலமா. உன் கடிதத்தில் நான் கேட்ட சத்தியத்தைக் காணோம். தபாலில் விழுந்துவிட்டதா?

நீ கேட்டபடி, ஒரு வரி விடாமல். பெயின்ட் டிரம்மின் உள்பக்கம் முழுக்கச் செங்கல் துண்டும் உலைமண்ணும் வைத்துப் பூசிக் காயவைத்தேன். பத்து நாள் காய்ந்தது. பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதில் கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அந்தக் குழாய்க்குள்ளே மெல்லிய செம்புக் குழாய் ஒன்று. வெளிக்குழாயில் காற்று போகும், உள்குழாயில் எண்ணெய் போகும். எண்ணெய் நுனியில் சொட்டும்போது காற்று அதைத் தூளாக அடித்து உலைக்குள் வீசும். காற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த தூசி உறிஞ்சும் மெஷின். வாழ்க்கை முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்ததைத் திருப்பி மாட்டி ஊதவைத்துவிட்டேன். எண்ணெய் டின் ஏணி மேலே. டின்னின் அடியிலிருந்து குழாய் இறங்கும். வழியில் ஒரு பித்தளை வால்வு. வாலுவின் கையில் வால்வு. சரி சரி, ஜோக் வேண்டாம் என்றாய்.

டிரம்முக்குள் கரியைப் பற்றவைத்து, சிவந்ததும் முதலில் காற்று, பிறகு எண்ணெய். நிறுத்தும்போது முதலில் எண்ணெய், பிறகு காற்று. காற்று நின்று எண்ணெய் மட்டும் ஓடினால் தீ குழாய் வழியாகத் திரும்பி வரும். வாய்ப்பாடு மாதிரி பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிக்கொள்கிறேன். ஒட்டடைக்கே மனப்பாடமாகிவிட்டது.

இனி கெட்ட செய்தி. சனிக்கிழமை பற்றவைத்தோம். 'குபுக்' என்று பிடித்தது பார், அந்த உறுமலை நீ கேட்டிருக்க வேண்டும்! ஒட்டடை ஆடவே ஆரம்பித்துவிட்டாள். சரியாக இரண்டு நிமிடம். பிறகு 'புஸ்'. தீ அணைந்து வெள்ளைப் புகை வந்தது. எண்ணெயை மூடினேன், பிறகு காற்றை. ஞாயிற்றுக்கிழமையும் அதே இரண்டு நிமிடம், அதே புஸ். டின்னைத் திறந்து பார்த்தேன். கறுகறுவென்று நல்ல எண்ணெய்தான் நிற்கிறது.

அப்பா சன்னலிலிருந்து, "என்ன சின்னவளே, பிடிக்கலையா?" என்றார்.

"பிடிச்சுதுப்பா. அப்புறம் அதுக்கு என்னைப் பிடிக்கலை."

"விட்டுடேன். கண்காட்சிக்கு ஒரு மெழுகுவத்தி கொண்டு போ."

சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கரி படிந்த கையோடு உட்கார்ந்தேன். செப்டம்பர் வந்துவிடும், அக்கா.

உன்
வாலு


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து ஒரு கார்டு போட்டிருந்தாய். 'முயற்சி பலிக்காவிட்டால் விட்டுவிடு, வருத்தப்படாதே.' ஒரே வரி! எத்தனை வாளி மணல், என்ன துணி என்று உயிரை எடுத்த அக்கா எங்கே போனாள்? உனக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டதா, இல்லை வார்டில் வேலை அதிகமா?

ஆறு தடவை பற்றவைத்துவிட்டேன். குழாய் நுனியைச் சின்னதாக்கினேன், பெரிதாக்கினேன், எண்ணெயைப் பழைய துணியில் வடிகட்டினேன். முதல் நாள் வடிகட்டி வீட்டுக்குள் தரையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஏணியில் ஏற்றுகிறேன். ஒன்றும் மாறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு சத்தம்: படபடவென்று பொரிகிற மாதிரி. எண்ணெய் துளித்துளியாகத் துள்ளி வெளியே வந்து என் ஷூவில் விழுந்து எரிந்தது. காலை உதறினேன், அணைந்துவிட்டது. பயப்படாதே.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சூடு போதவில்லை, எண்ணெயும் போதவில்லை. வருகிற ஞாயிறு, 26ஆம் தேதி, கரியை இரண்டு மடங்காகப் போட்டு, மூடியை மூடி, வால்வை முழுக்கத் திறந்துவிடப் போகிறேன். அணையப் பார்த்தாலும் அணைய முடியாத அளவுக்கு.

நேற்று குடை ரிப்பேர்க்காரர் வந்து அப்பாவிடம் கடைச் சாவியைச் 'சும்மா அளவு பார்க்க' கேட்டார். அப்பா கொடுத்துவிட்டார்.

உன்
வாலு


ஜூலை 23, எக்ஸ்பிரஸ் தபால்

பற்றவைக்காதே.

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. நீ எழுதியிருக்கும் படபட சத்தம் தண்ணீர். சூடான எண்ணெயில் தண்ணீர் பட்டு வெந்தவர்கள் வாரம் ஒருவர் எங்களிடம் வருகிறார்கள், எல்லோரும் அந்தச் சத்தத்தைத்தான் சொல்கிறார்கள். உன் டின்னின் அடியில் தண்ணீர் இருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும், உன் குழாய் அடியிலிருந்துதான் எடுக்கிறது. முதலில் குழாயில் மிச்சமிருந்த எண்ணெய் எரிகிறது, பிறகு தண்ணீர் வந்து அணைக்கிறது, அதற்குப் பிறகு வருகிற எண்ணெய் தீயில்லாத சூட்டில் புகையாக நிறைகிறது. அந்தப் புகை மொத்தமாகப் பற்றினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். உலை எவ்வளவு சூடோ அவ்வளவு ஆபத்து.

தண்ணீர் எப்படி வந்தது என்று இப்போது கேட்காதே. டின்னைக் காலி செய்.

தெருமுனை மருந்துக் கடைக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் பண்ணுவேன். சனிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வர வேண்டும். வந்துவிடும்.

அக்கா


ஜூலை 27

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். புருவம் மட்டும் இல்லை. இதை முதலில் எழுதச் சொன்னது அப்பா.

அப்பாவின் வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

நேற்று காலை பத்து மணிக்கு எல்லாம் நான் எழுதியபடியே செய்தேன். இரண்டு மடங்கு கரி, மூடி, முழு வால்வு. பிடித்தது, உறுமியது, அணைந்தது. மூடி ஓட்டையிலிருந்து கெட்டியாக வெள்ளைப் புகை. வால்வை மூடியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், தானாகப் பிடிக்கும் என்று நின்றேன். ஒரு நிமிடம்தான் அக்கா. ஆமாம், உன் வார்டில் எல்லோரும் சொல்லும் அதே வாக்கியம்.

தானாகப் பிடித்தது. மூடி கூரை உயரத்துக்குப் போய் விழுந்தது. காதில் 'ஙொய்' என்ற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பல் தேய்க்கும்போதெல்லாம் சொன்னேனே! ஓடிப்போய் மெஷினின் ஒயரைப் பிடுங்கினேன். முதலில் காற்றை நிறுத்தினேன். எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. தீ குழாய் வழியாகத் திரும்பி வந்து செம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு டின் பக்கம் ஏறியது. எனக்குக் கால் நகரவில்லை. ஒட்டடை கத்துவது அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அப்பா எப்படி வந்தார் என்று தெரியவில்லை. வாசற்படியில் பலகை கவிழ்ந்து கிடந்தது. தரையில் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே வந்து, எரிகிற குழாய்க்குக் கீழே கைவிட்டு, வெறுங்கையால் வால்வைத் திருகி மூடினார். பித்தளை எவ்வளவு சூடாக இருந்திருக்கும்! மூடிய பிறகுதான் கையை எடுத்தார். மணலை ஒட்டடை கொட்டினாள். நான் கொட்டவில்லை. நான் நின்றேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "கண்ணு தெரியுதா? இங்க பாரு, எத்தனை விரல்?" என்று வெந்த கையைத்தான் காட்டினார்.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். விரல் மடங்குமா என்று மூன்று வாரம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். அந்தக் கையால்தான் அவர் பூட்டுத் திறக்கிறார். அந்தக் கையால்தான் வண்டி ஓட்டுவார். குடத்தை உடைத்தவள், இப்போது கையையும்.

28 காலை: உன் எக்ஸ்பிரஸ் கடிதம் இப்போதுதான் வந்தது. டின்னைக் காலி செய்தேன். அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கராஜ்காரர் பீப்பாயைக் காட்டினார், அதில் ஒரு சொட்டுகூட இல்லை. உனக்கு எப்படித் தெரிந்தது? எப்படி வந்தது என்று கேட்காதே என்று ஏன் எழுதினாய்?


ஆகஸ்ட் 1

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் கட்டை நனையவிடாதே. டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் நான்கு வேளை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொல். வலிக்கிறது என்பார். விடாதே. பதினைந்தாம் தேதிக்குப் பிறகுதான் எனக்கு லீவு, இரண்டு நாள்.

நீ கேட்டதற்குப் பதில். ஜூன் பதினொன்றாம் தேதி, உனக்கு எழுதிய அதே நாளில், அதே பேனாவால் அப்பாவுக்கும் எழுதினேன். எப்படியாவது எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நீ வடிகட்டித் தரையில் வைத்த டின்னில் அவர்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு செம்பு தண்ணீராவது ஊற்றியிருக்க வேண்டும். எண்ணெய் எரியாது என்று எனக்கு எழுதினார். நான் எப்படி என்று கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். அதனால்தான் அந்த ஒரு வரிக் கார்டு.

சத்தியத்தை நான் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை.

திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 24, அடுத்த அறையிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நான்காவது விரலை மடக்கும்போது நீங்கள் பல்லைக் கடிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. நேரில் பேச வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா இரண்டு நாள் வந்து இருந்தாள். மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம். வழியனுப்பும்போதுகூட அவளிடம் நான் பேசவில்லை. தண்ணீர் ஊற்றியது நீங்கள் என்று அவள் எழுதியதிலிருந்து உங்களிடமும் பேசவில்லை. மூன்று வாரக் கோபம். அதை வைத்துக்கொண்டு இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஏனென்றால் அதுவரைக்கும் நான் என்னுடையதைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக் குடத்தில் விரிசல் விட்டது நான். பாலிஷ் தடவி மறைத்தது நான். லாரி ஒரு முழத்தில் நின்றதே, அது என்னால். காற்றை முதலில் நிறுத்தி உங்கள் கையைச் சுட்டதும் நான்.

உலையை உடைத்துவிடவா, வைத்திருக்கவா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

சின்னவள்

(இதே தாளின் பின்பக்கம், இடது கையெழுத்தில்)

சின்னவளே,

பாலிஷ் அன்றைக்கே தெரியும். நீ சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்ததற்குப் பதில் கேட்டிருக்கலாம்.

எண்ணெயில் தண்ணீர் ஊற்றியது முட்டாள்தனம். சாவி சேரவில்லை என்று பூட்டுக்குள் மண்ணைப் போடுகிறவனை நான் கடையிலேயே சேர்க்க மாட்டேன். அதைத்தான் நான் செய்தேன். கை வெந்தது உன்னால் இல்லை.

உலை இருக்கட்டும். இனி எண்ணெய் என் கையில், காற்று உன் கையில். இடது கைக்கு ஒரு வால்வு திருகத் தெரியும். நான் 'நிறுத்து' என்றால் எதுவும் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

தாளில் இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் நீ அந்தப் பக்கம் நிற்பது கதவுக்கடியில் நிழலாகத் தெரிகிறது. உள்ளே வா.


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜம். குறைந்தது இன்றைக்குக் காலை ஒன்பது மணி வரைக்கும் நிஜமாக இருந்தது. உன் மேல் இருந்த கோபம் தீர்ந்துபோய்ப் பத்து நாள் ஆகிறது. உடனே சொன்னால் உனக்குக் கொழுப்பு ஏறிவிடும் என்று எழுதவில்லை.

பர்னர் எரிகிறது, அக்கா! அப்பா பலகையில் உட்கார்ந்து வால்வைப் பிடித்துக்கொள்வார். நான் மெஷின் பக்கம்.

"காத்து?"

"விட்டாச்சு."

"கரி?"

"செவந்தாச்சு."

"எண்ணெய் வருது. தள்ளி நில்லு, வாலு."

முடி அளவு திறப்பார், காதைச் சாய்த்துக் கேட்பார், இன்னும் ஒரு முடி திறப்பார். பூட்டைத் திறக்கும் அதே முகம். அரை மணி நேரம் விடாமல் உறுமியது. கராஜில் கேட்டு வாங்கிய பழைய அலுமினியப் பிஸ்டன்கள் நான்கும் உருகித் தண்ணீராகிவிட்டன. உடைந்த குடத்தை ஒட்டி, மேலே இரண்டு சுற்று டேப் சுற்றி, மணலில் அச்சு எடுத்திருந்தேன். ஆறினால் உலோகம் சுருங்கும், அதற்காக டேப். முதல் வார்ப்பு பொந்து விழுந்து வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வார்த்தது முழுசாக வந்தது. லேத் கடைக்காரர் கடைந்து முடித்துவிட்டு நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் கடுகு அளவு ஒரு துளை. "தாங்கும்னு நினைக்கிறேன். பெயின்ட் அடிச்சுட்டா தெரியாது" என்றார். அடிக்கவில்லை. அப்பாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, மாட்டு" என்றார்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார். கட்டு அவிழ்த்த கை, புதுக் குடம். நான் கூட வருகிறேன் என்றேன். "உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்றார். மட்டம் போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கடைக்குப் பத்து நிமிட வழி. போனதும் பக்கத்துக் கடைப் பையனிடம் சொல்லி அனுப்புவதாகப் பேச்சு.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பத்தரைக்கு ஒட்டடையை அனுப்பினேன். (அவளும் மட்டம்.) கடை பூட்டியிருக்கிறதாம், வண்டி இல்லையாம். நாற்சந்தியில் கூட்டம் ஏதாவது நின்றதா என்று கேட்டேன். "கவனிக்கலைடி" என்கிறாள். ஒரு கூட்டத்தை எப்படிக் கவனிக்காமல் வர முடியும்? அப்படியென்றால் கூட்டம் இல்லை. அல்லது கலைந்துவிட்டது.

லேத் கடைக்காரர் 'தாங்கும்' என்று சொல்லவில்லை, 'தாங்கும்னு நினைக்கிறேன்' என்றுதான் சொன்னார்.

இப்போது பதினொன்றேகால். வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் நடந்து நடந்து இதை எழுதுகிறேன். மணிச் சத்தம் கேட்டது, சைக்கிள். ஒரு சக்கரச் சத்தம், பால் வண்டி. அக்கா, நான் போய்ப் பார்க்கிறேன். கடிதத்தை முடிக்கவில்லை, அப்படியே மடித்து


செப்டம்பர் 21, காலை 11 மணி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இது தபால் ஆபீஸ் பேனா, மை ஒழுகுகிறது. அதோடு வலது கையில் எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டதால் எழுத்து இப்படி இருக்கிறது.

வண்டியில்தான் வந்தேன். குடத்தில் ஒரு குறையும் இல்லை. வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது.

நாற்சந்திக்கு ஒன்பதே காலுக்கு வந்தேன். ஓரத்தில் நின்றிருந்த தண்ணீர் லாரிக்குப் பின்னால் வண்டியை ஒதுக்கிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். வழி விட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் "தள்ளி விடவா ஐயா?" என்றுகூடக் கேட்டார். ஒரு லாரி போனதும் அடுத்த லாரி போகட்டும் என்று நினைத்தேன். அதுவும் போனதும் அடுத்தது. கை கைப்பிடியில் இருக்கிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. கடைசியில் கண்ணை மூடிக்கொள்ளாமல் கடந்துவிட்டேன். இந்தப் பக்கம் வந்ததும் முதலில் தெரிந்த நிழல் தபால் ஆபீஸ். கடை வரைக்கும் போகத் தெம்பில்லாமல் இங்கே நிறுத்தினேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீ எழுதியதை நினைத்து நீ அழுதது எனக்குத் தெரியும். நீ எழுதியதற்காக மட்டும் நான் தண்ணீர் ஊற்றவில்லை. சின்னவள் தீயோடு நிற்கிறாளே என்ற பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் எரிந்தால் அலுமினியம் உருகும், உருகினால் குடமாகும், குடம் வந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் நான் இந்த நாற்சந்தியைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு செம்பு ஊற்றும்போதும் எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. குடை ரிப்பேர்க்காரரிடம் சாவியைக் கொடுத்ததும் அதனால்தான். உங்கள் இரண்டு பேரின் பயத்துக்குப் பின்னால் என் பயத்தை ஒளித்து வைத்திருந்தேன்.

கடை இடம் கிடையாது என்று அவரிடம் நாளைக்குச் சொல்வேன்.

இதைச் சின்னவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் தன்னால்தான் என்று அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ எழுத வேண்டாம். நானே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு மறுபடியும் அந்த ரோட்டைக் கடக்க வேண்டும். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டிருப்பாள். நேரமாக்கினால் ஓடி வந்துவிடுவாள்.

தபால் தலை ஒட்டிவிட்டேன். கிளம்புகிறேன்.

அப்பா